விலை விழுந்தால் அடி யாருக்கு? நியாய வணிகம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

லண்டனிலிருந்து உறவினர் யாராவது ஊருக்கு வந்தால் பெட்டியில் சாக்லேட் இருக்கும். தின்று முடித்ததும் உறையைக் கசக்கிப் போடாமல் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் கறுப்புக் கட்டத்துக்குள் நீலமும் பச்சையுமாக ஒரு படம் இருக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஓர் ஆள் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும். அதுதான் ஃபேர்டிரேட் முத்திரை. காபி, தேயிலை, வாழைப்பழம், சர்க்கரை என்று பல பொருள்களில் இது உண்டு. தமிழில் நியாய வணிகம் என்கிறோம்.

ஏழை விவசாயிகளுக்கு யாரோ தர்மம் செய்கிறார்கள் போல என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சாக்லேட் விலையில் கொஞ்சம் கூட வைத்து உண்டியலில் போடுவது மாதிரி. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இதன் மையத்தில் இருப்பது ஒரு வியாபாரக் கேள்வி: விலை விழும்போது அந்த அடியை யார் வாங்குவது?

காபியை வைத்துப் பார்த்தால் இது சுலபமாக விளங்கும். நியாய வணிக முத்திரை பிறந்ததும் காபியில்தான்.

காபிச் செடி வைத்தால் பலன் வர மூன்று நான்கு வருடம் ஆகும். இந்த வருடம் விலை இல்லை என்று அதைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைக்க முடியாது. பழம் பழுத்துவிட்டால் காத்திருக்கவும் முடியாது. பறித்த அன்றே, தப்பினால் மறுநாள், தோலை நீக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். ஆனால் அந்தப் பழத்தின் விலை தோட்டத்திலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, நியூயார்க் சந்தையில் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருக்கிறது. பிரேசிலில் ஓர் இரவு கடும் பனி விழுந்தால் ஏறும். வியட்நாமில் புதிதாகத் தோட்டங்கள் பெருகினால் இறங்கும். காபியை வறுத்து விற்கும் பெரிய நிறுவனம் முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொள்ளலாம், கிடங்கில் சரக்கை நிறுத்தலாம், ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டில் வாங்கலாம். மலைச்சரிவில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஜீப்பில் வந்து நிற்கிற வியாபாரி சொல்வதுதான் விலை.

மெக்சிகோவின் காபி மலைகளில் அந்த வியாபாரிக்கு 'கொயோட்டே' என்று பெயர். அங்கே திரியும் நரி மாதிரியான ஒரு காட்டு விலங்கின் பெயர் அது. மக்கள் வைக்கும் பட்டப்பெயர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன. அறுவடைக்கு முன் கைச்செலவுக்குப் பணம் கொடுப்பதும் இந்த ஆள்தான். பழம் தனக்கே வரவேண்டும், தான் சொல்லும் விலைக்கு வரவேண்டும் என்பது நிபந்தனை. மண்டியில் முன்பணம் வாங்கிய நம் ஊர் விவசாயிக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அந்த மெக்சிகோவின் தெற்கே வஹாக்கா மாநிலத்தில், 1980-களின் தொடக்கத்தில், பழங்குடி விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். சுருக்கமாக ஊசிரி என்பார்கள். கொயோட்டேயிடம் போகாமல் காபியை ஒன்றாகச் சேர்த்து, தாங்களே ஏற்றுமதி செய்வது நோக்கம். அவர்களோடு அந்த மலையிலேயே வாழ்ந்த டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹாஃப். அவரும், நெதர்லாந்தில் ஒரு சமூக அமைப்பில் வேலை பார்த்த நிக்கோ ரோசனும் சேர்ந்து யோசித்ததுதான் முத்திரை. அதற்கு முன்பும் ஐரோப்பாவில் இப்படிப்பட்ட காபி விற்றது. ஆனால் தேவாலய மண்டபங்களிலும் தொண்டர்கள் நடத்திய சின்னக் கடைகளிலும்தான். நல்ல மனசுக்காரர்கள் தேடிப்போய் வாங்குவார்கள். ஊர்க்கடையில் மற்ற காபிகளுக்குப் பக்கத்திலேயே இதையும் அடுக்கினால் என்ன, யார் வறுத்து விற்றாலும் நிபந்தனைக்கு உட்பட்டால் முத்திரை கொடுத்தால் என்ன என்பது இவர்களின் யோசனை. 1988-ல் நெதர்லாந்தில் அது விற்பனைக்கு வந்தது. பெயர் 'மாக்ஸ் ஹாவெலார்'. ஜாவாவில் டச்சுக்காரர்கள் குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்ததை எதிர்க்கும் ஒரு பாத்திரத்தின் பெயர் அது, 1860-ல் வந்த ஒரு டச்சு நாவலிலிருந்து எடுத்தது. தாத்தா செய்ததற்குப் பேரன் பரிகாரம் செய்கிற கதை என்றும் சொல்லலாம்.

முத்திரை வந்த மறு வருடமே உலகக் காபிச் சந்தை உடைந்தது. 1962 முதல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருந்தது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வைத்து, விலை ஒரேயடியாகச் சரியாமல் பார்த்துக்கொண்டார்கள். 1989 ஜூலையில் அந்த அளவு முறை முறிந்துபோனது. சில மாதங்களில் விலை ஏறக்குறைய பாதியானது. அதே சமயத்தில் மெக்சிகோ அரசும் விவசாயிகளிடம் காபி வாங்கிக்கொண்டிருந்த தன் நிறுவனத்தைக் கைகழுவியது. அரசுகள் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை அவை விட்ட இடத்தில், ஒரு சின்ன முத்திரை கொஞ்சம் போலச் செய்ய முயன்றது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குறைகளும் புரியும்.

சரி, முத்திரையின் கீழ் நடப்பது என்ன? முதலில், குறைந்தபட்ச விலை. சந்தை என்ன சொன்னாலும் இதற்குக் கீழே வாங்கக்கூடாது. சந்தை விலை இதைவிட அதிகமானால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். நெல்லுக்கு ஆதார விலை கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதில்லை. 2023-ல் நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் பச்சைத் தேயிலை கிலோவுக்கு 33.50 ரூபாயாவது வேண்டும் என்று போராடினார்களே, அதே கேள்விதான். வித்தியாசம், இங்கே கொடுப்பது அரசு இல்லை, வாங்குகிற நிறுவனம்.

2001-ன் கடைசியில் உலகச் சந்தையில் காபி விலை பவுண்டுக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, 50 சென்ட்டுக்கும் கீழே போனது. நிகராகுவாவின் மட்டகல்பா பக்கத்தில் தோட்டங்கள் பறிப்பையே நிறுத்த, வேலை இல்லாத குடும்பங்கள் சாலையோரம் வந்து உட்கார்ந்தன. அந்த நேரத்தில் முத்திரைக் காபியின் விலை குறைந்தபட்சம் 1.21 டாலர், மேலே 5 சென்ட் கூடுதல் தொகை. அறுபது கிலோ மூட்டை பத்து விற்கும் ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 50 சென்ட்டில் 660 டாலர், 1.26-ல் 1,660 டாலருக்கு மேல். ஒன்று கடனில் முடியும். இன்னொன்றில் பிள்ளை அடுத்த வருடமும் பள்ளிக்கூடம் போகும்.

ஆனால் அந்த முழுத் தொகையும் விவசாயி கைக்கு வருவதில்லை. இந்த விலை துறைமுகத்தில் சங்கத்துக்குக் கொடுப்பது. உமி நீக்குவது, லாரி, அலுவலகச் செலவு, பழைய கடன், முத்திரைக்கான தணிக்கைக் கட்டணம் எல்லாம் போகத்தான் மீதி. நன்றாக நடக்கிற சங்கம் என்றால் நல்ல மீதி. சங்கம் மோசமென்றால் முத்திரையும் ஒன்றும் செய்யாது.

இப்போது சொன்ன கூடுதல் தொகையை ஆங்கில வழக்கில் பிரீமியம் என்பார்கள். காபிக்கு இப்போது பவுண்டுக்கு 20 சென்ட். இது தனிநபருக்கு அல்ல, சங்கத்தின் பொதுக்கணக்குக்குப் போகும். கிணறா, உலர்களமா, பள்ளிக்கூடக் கூரையா என்று பொதுக்குழு கூடி வாக்களித்து முடிவு செய்ய வேண்டும். (அதில் 5 சென்ட்டைத் தரத்துக்கும் விளைச்சலுக்கும் செலவிட வேண்டும் என்று ஒரு விதி.) அப்புறம், முன்பணம். சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்கூட்டியே கிடைக்க வழி செய்ய வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் குறைந்தபட்ச விலைக்கு அடுத்து இதுதான் முக்கியம். கொயோட்டேயின் பலமே அந்த அறுவடைக்கு முந்தைய கைமாற்றில்தான் இருக்கிறது.

சாக்லேட் உறைக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தால், உள்ளே இருப்பது நியாய வணிகச் சங்கத்தின் கோகோவேதான் என்று சொல்ல முடியாது. கோகோ, சர்க்கரை, தேயிலை, பழச்சாறு ஆகியவற்றை ஆலையில் மற்றதோடு கலக்க அனுமதி உண்டு. எவ்வளவு எடை நியாய வணிக நிபந்தனையில் வாங்கினார்களோ அவ்வளவு எடைக்குத்தான் முத்திரை குத்தலாம். வங்கியில் நாம் போட்ட நோட்டே நமக்குத் திரும்பி வருவதில்லை அல்லவா, அதுபோல. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறையில் சிரிக்கும் விவசாயியின் படத்தைப் போட்டுவிட்டு இதைப் பொடி எழுத்தில் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

பெரிய குறைகள் வேறு. 2011-ல் காபிக்கு 1.40 டாலர் என்று வைத்த குறைந்தபட்ச விலை 2023 வரை அசையவே இல்லை. பன்னிரண்டு வருடம். அதற்குள் உரம், கூலி, டீசல் எங்கே போய்விட்டன! 2023 ஆகஸ்டில்தான் 1.80 ஆக்கினார்கள். 2025 தொடக்கத்திலோ சந்தை விலையே 4 டாலரைத் தாண்டியது. அப்படிப்பட்ட காலத்தில் விவசாயிக்கு வெளியே நல்ல விலை கிடைக்கும், சங்கத்துக்குக் கொடுப்பதாகச் சொன்ன சரக்கு வந்து சேராது. விலை விழும்போது எல்லோரும் சங்கத்தைத் தேடுவார்கள், ஏறும்போது ஜீப்பைத் தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இன்னொன்று, சங்கம் நியாய வணிக நிபந்தனைக்குத் தயாராக இருந்தாலும் அத்தனை சரக்குக்கும் அப்படி வாங்க ஆள் இருப்பதில்லை. ஒரு பங்கு முத்திரையோடு போகும். மீதி சாதாரண விலைக்குப் போகும். தணிக்கைச் செலவு மட்டும் முழுசாக.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இதுவரை 'விவசாயி' என்றே பேசிக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு ஏக்கரில் பழம் பறிக்கக் கூலிக்கு வருகிறவர்? சங்கத்தில் அவர் உறுப்பினர் இல்லை, பொதுக்குழுவில் அவருக்கு வாக்கு இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் காபி, தேயிலை, பூப் பகுதிகளில் பல வருடம் ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நியாய வணிகச் சான்று பெற்ற இடங்களில் கூலி வேலை செய்தவர்களின் நிலை, சான்று பெறாத ஒத்த இடங்களைவிட மேலாக இல்லை. பல இடங்களில் கூலி குறைவாகவே இருந்தது என்பது அதன் முடிவு. ஒப்பிட்ட முறை சரியில்லை என்று ஃபேர்டிரேட் தரப்பு மறுத்தது. வாதம் எப்படியானாலும், கூலியாளை யாரும் கேட்கவில்லை என்ற விஷயம் வெளியே வந்தது.

கூலியாளை எப்படிச் சேர்ப்பது என்று இயக்கத்துக்குள்ளேயே இந்த அறிக்கைக்கு முன்பே சண்டை. அமெரிக்கக் கிளை 2011-ல் பிரிந்துபோனது. பெரிய காபித் தோட்டங்களுக்கும் முத்திரை தரலாம், அங்கே வேலை செய்பவர்கள்தான் ஆக ஏழைகள் என்றது அது. பெரிய தோட்டம் உள்ளே வந்தால் சின்னச் சங்கங்கள் போட்டி போட முடியாமல் அழியும், இத்தனை வருடம் எதற்காகப் பாடுபட்டோம் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நியாய வணிகத்தில் நியாயத்துக்குப் பஞ்சமே இல்லை.

தேயிலையில் இந்தத் தயக்கம் இருந்ததில்லை; பெரிய எஸ்டேட்டுகளுக்கும் சான்று உண்டு. இங்கேதான் கதை தமிழர்களைத் தொடுகிறது. இலங்கை மலையகத் தமிழரின் முன்னோர் முதலில் கப்பலேறியது காபித் தோட்டங்களுக்கு. 1869-ல் தென்பட்ட இலைத்துரு நோய் காபியை அழித்த பிறகே மலைகளில் தேயிலை ஏறியது. இன்று இலங்கையிலும் நீலகிரியிலும் ஃபேர்டிரேட் சான்று பெற்ற எஸ்டேட்டுகள் உண்டு. கூடுதல் தொகையை எதற்குச் செலவிடுவது என்று தொழிலாளர் இடம்பெற்ற குழு முடிவு செய்யும். பள்ளிப் பைகள், மூக்குக் கண்ணாடி, கூரைத் தகடு என்று நல்ல காரியங்கள் நடக்கின்றன. ஆனால் அந்த எஸ்டேட் தேயிலையில் சிறு பங்குதான் முத்திரை நிபந்தனையில் விற்கிறது. நாட்கூலியை முத்திரை தீர்மானிப்பதில்லை. இலங்கையில் நாளுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை பல வருடம் இழுத்து, 2021-ல் சம்பள நிர்ணய சபை வழியாகத்தான் கைக்கு வந்தது. வந்த பின்னும் இத்தனை கிலோ பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி; இல்லாவிட்டால் அரைப்பேர். நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிப்பது தனி வழக்கு. இலையைக் கொழுந்தெடுக்கிறவர் பறிக்கிறார், எடையைத் தராசுக்காரர் சொல்கிறார்.

கூலியாளின் பக்கத்திலிருந்து தொடங்கினால் இது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தின் இம்மோகலி என்ற ஊரில் இருக்கிறது. சுற்றிலும் தக்காளி வயல். பறிப்பவர்கள் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்கள். பணக்கார நாடுதானே, சட்டம் காப்பாற்றாதா என்றால், தொழிற்சங்க உரிமை தரும் 1935-ம் வருடச் சட்டத்தில் விவசாயக் கூலிகளைச் சேர்க்கவே இல்லை. ஒரு வாளி 32 பவுண்டு, அதாவது பதினான்கரை கிலோ; நம் ஊர்த் தக்காளிப் பெட்டி அளவு. 2000-களின் தொடக்கத்தில் வாளிக்கு சுமார் 45 சென்ட்தான் கூலி. ஒரு நாளில் 50 டாலர் பார்க்க 111 வாளி பறிக்க வேண்டியிருந்தது. ஒன்றரை டன்னுக்கு மேல். அதையும் நிரப்பித் தோளில் தூக்கி லாரிக்கு ஓட வேண்டும். 1980-களிலிருந்தே இந்தக் கூலி கிட்டத்தட்ட நகராமலே இருந்தது. ஆட்களை அடைத்துவைத்து வேலை வாங்கியதற்காக, அடிமைத்தனக் குற்றம் சாட்டி மத்திய அரசே வழக்குப் போட்ட சம்பவங்களும் அங்கே உண்டு.

1993-ல் தொழிலாளர்கள் கூடி ஓர் அமைப்பு ஆரம்பித்தார்கள். முதலில் பண்ணைக்காரர்களோடு மோதினார்கள், வேலைநிறுத்தம், உண்ணாவிரதம். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்போது அவர்கள் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். தக்காளியை மொத்தமாக வாங்குவது துரித உணவுக் கம்பெனிகளும் சூப்பர்மார்க்கெட்டுகளும். அவர்கள் பண்ணைக்காரரின் விலையை அழுத்துகிறார்கள். அழுத்தத்தைப் பண்ணைக்காரர் தனக்குக் கீழே இருப்பவர் மேல் இறக்கிவைக்கிறார். அப்படியானால் கேட்க வேண்டிய இடம் மேலே. கேட்டது, ஒரு பவுண்டுக்கு ஒரே ஒரு சென்ட் கூட. வாங்குகிறவருக்கு அது தூசி. பறிப்பவருக்கு வாளிக்கு 32 சென்ட் கூடும். 45 என்பது 77 ஆகும்.

சின்னத் தொகை என்று தோன்றினால் கீழத் தஞ்சையை நினைத்துக்கொள்ளலாம். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

2001-ல் டாக்கோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் கிளம்பினார்கள். கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாகத்திலிருந்த கிளைகளை மூடவைத்தார்கள். 2005-ல் அதன் தாய் நிறுவனம் ஒத்துக்கொண்டது. 2007-ல் மெக்டொனால்ட்ஸ், 2008-ல் பர்கர் கிங். 2010-ல் புளோரிடாவின் தக்காளிப் பண்ணையாளர் சங்கமே கையெழுத்திட்டது. 2014-ல் வால்மார்ட்டும் வந்து சேர்ந்தது. சம்பளச் சீட்டில் அந்தக் கூடுதல் காசைத் தனியாகக் குறித்திருப்பார்கள்.

காசைவிட நிபந்தனைகள்தான் கெட்டி. வயலில் நிழல், தண்ணீர் கட்டாயம். புகார் சொல்ல இரவும் பகலும் ஒரு தொலைபேசி எண். பெண்களிடம் தவறாக நடக்கும் மேஸ்திரியை வேலையைவிட்டு நீக்கியாக வேண்டும். விதிகளைச் சொல்லித்தருவது அதிகாரிகள் அல்ல, சக தொழிலாளர்கள். அதுவும் சம்பள நேரத்திலேயே. மீறுகிற பண்ணையிடம் கையெழுத்திட்ட கம்பெனிகள் தக்காளி வாங்கக்கூடாது. தணிக்கையாளர் வருடம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. அங்கேயே வேலை செய்கிறவர் தினமும் பார்க்கிறார், சொன்னால் பலன் இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியும்.

விதிகளில் ஒன்று வாளியைப் பற்றியது. பழைய நாட்களில் வாளியின் விளிம்புவரை நிரப்பினால் மேஸ்திரி ஏற்க மாட்டார். மேலே கோபுரமாகக் குவித்தால்தான் ஒரு வாளிக் கணக்கு. குவியலாக மேலே நின்ற அந்தத் தக்காளிக்குக் காசு கிடையாது. எதிர்த்துப் பேசினால் அடியும் விழும். இப்போது நிரம்பிய வாளி எப்படி இருக்க வேண்டும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். படியைத் தலைதட்டி அளந்தது மாதிரி, தக்காளி விளிம்போடு நிற்கிறது.